வோல்ட் இடத்துக்கு, ஜூல் மின்னூட்டத்துக்கு

மும்பை வாசகர்களின் இயற்பியல் கேள்விகளுக்கு, செம்பூரில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வோல்டேஜ் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: டீச்சர், நான் பன்னிரண்டாம் வகுப்பு. சிஇடி நுழைவுத் தேர்வுக்கும் தயார் செய்கிறேன். மின்னழுத்தம், மின்னழுத்த ஆற்றல் இரண்டுக்குமே புத்தகத்தில் 'செய்யப்படும் வேலை' என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு பேர்? அப்புறம், மின்னூட்டம் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து தாழ்ந்ததுக்குப் போகும் என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே எலக்ட்ரான் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுக்குப் போகிறது என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?
மாணவி, முலுண்ட்

பதில்: இரண்டும் சரிதான். என்னிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சூத்திரம் தெரியும், கணக்கும் போட்டுவிடுவார்கள். "இது யாருடைய அளவு?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நீ அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள். மின்னழுத்தம் இடத்தைச் சேர்ந்தது. மின்னழுத்த ஆற்றல், அந்த இடத்தில் வந்து நிற்கிற மின்னூட்டத்தைச் சேர்ந்தது.

கர்ஜத்தில் மாறி கோபோலி வரை லோக்கலில் போயிருக்கிறாயா? லோணாவளா பக்கத்து ஏரிகளின் தண்ணீரை மலைச்சரிவில் குழாய் போட்டு இறக்கி, அடிவாரத்தில் கோபோலியில் 1915-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அன்றைக்கு பம்பாய் மில்களை ஓட்டியது அந்தத் தண்ணீர்தான். இறங்கும் உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். ஒரு கிலோ தண்ணீர் அவ்வளவு உயரம் இறங்கினால் சுமார் 5000 ஜூல் ஆற்றல் கிடைக்கும். 15 கிலோ பிடிக்கும் ஒரு வாளித் தண்ணீர் இறங்கினால் 75,000 ஜூல். இப்போது குழாயை மூடிவிட்டார்கள் என்று வை. தண்ணீர் இறங்கவில்லை, ஒரு ஜூல்கூட வரவில்லை. ஆனால் 'கிலோவுக்கு 5000 ஜூல்' என்பது எங்கேயும் போகவில்லை. அது அந்த மலையினுடையது. 75,000 என்பதுதான் வாளியினுடையது.

நிறையைக் கிலோவில் அளப்பது போல, மின்னூட்டத்தைக் கூலூமில் அளக்கிறோம். 'கிலோவுக்கு இத்தனை ஜூல்' என்ற இடத்தில் 'ஒரு கூலூமுக்கு இத்தனை ஜூல்' என்று போட்டுக்கொள். அதுதான் வோல்ட். ஒரு வோல்ட் என்றால் ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல்.

இதை எண்களில் ஒரு தடவை கையாலேயே போட்டுப் பார். ஓரிடத்தில் 1 நானோகூலூம் (கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) நேர் மின்னூட்டம் அசையாமல் இருக்கிறது. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியைக் குறித்துக்கொள். அங்கே மின்னழுத்தம் 90 வோல்ட். புள்ளியில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அப்போதும் 90 வோல்ட்தான். இப்போது அங்கே 2 நானோகூலூம் நேர் மின்னூட்டத்தைக் கொண்டுவந்து வைத்தால், ஆற்றல் 180 நானோஜூல். அதை எடுத்துவிட்டு 2 நானோகூலூம் எதிர் மின்னூட்டத்தை வைத்தால், மைனஸ் 180 நானோஜூல். மூன்று தடவையும் முதல் மின்னூட்டத்தால் அந்தப் புள்ளிக்கு வந்த 90 மாறவே இல்லை. மாறியதெல்லாம் யாரை வைத்தோம் என்பதைப் பொறுத்து வந்த ஜூல் கணக்கு. (கறாராகச் சொன்னால் அந்த ஆற்றல் இரண்டு மின்னூட்டங்களுக்கும் பொதுவானது. ஒன்று அசையாமல் இருப்பதால், அசையக்கூடியதன் பேரில் எழுதிவிடுகிறோம். தேர்வில் 'அமைப்பின் ஆற்றல்' என்று கேட்டால் இதை நினைவில் வை.)

மலைக் கணக்கு இதுவரைதான் நமக்குக் கை கொடுக்கும். நிறையில் நேர், எதிர் என்று இரண்டு வகை கிடையாது, மின்னூட்டத்தில் உண்டு. உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஓய்வில் விடப்பட்ட எந்தப் பொருளும் தன் ஆற்றல் குறைகிற பக்கமாகத்தான் கிளம்பும். அந்த விதிக்கு விலக்கே இல்லை. நேர் மின்னூட்டத்துக்கு, வோல்ட் குறைந்தால் ஜூலும் குறைகிறது. அதனால் அது தாழ்ந்த மின்னழுத்தத்துக்குப் போகிறது. எலக்ட்ரானுக்கு மைனஸ் இருப்பதால், வோல்ட் ஏறினால்தான் ஜூல் இறங்கும். அதனால் அது உயர்ந்த மின்னழுத்தத்தை நோக்கிப் போகிறது. புத்தகத்தில் 'உயர்விலிருந்து தாழ்வுக்கு' என்று வரும்போதெல்லாம் பக்கத்தில் பென்சிலால் 'வோல்டா, ஜூலா?' என்று எழுதிவிடு. ஜூல் என்றால் எல்லோருக்கும் பொருந்தும். வோல்ட் என்றால் நேர் மின்னூட்டத்துக்கு மட்டும்.

எலக்ட்ரானுக்கு ஏன் மைனஸ் என்று கேட்காதே. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எது நேர், எது எதிர் என்று வைத்துவிட்டார். ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897-ல். அதற்குள் எல்லாப் புத்தகமும் அச்சாகிவிட்டது.

கேள்வி: பூமிதான் சுழி வோல்ட் என்கிறான் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் அண்ணன். என் கைடு புத்தகத்தில் முடிவிலியில், அதாவது எல்லையில்லாத தூரத்தில்தான் சுழி என்று இருக்கிறது. வீட்டில் தினமும் இதே சண்டை.
மாணவர், தாராவி

பதில்: சண்டையை நிறுத்திவிட்டு, அண்ணனுடைய மல்டிமீட்டரையும் இரண்டு புது பென்சில் செல்லையும் எடு.

இரண்டு செல்லையும் டார்ச்சில் போடுவது போல வரிசையாக ஒட்டவை. நடுவில், இரண்டும் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன அலுமினியத் தாளை மடித்துச் செருகு. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. முதலில் சிவப்பு முனையை மட்டும் ஒரு செல்லின் மொட்டில் வைத்து, கறுப்பு முனையை அந்தரத்தில் தொங்கவிடு. மீட்டரில் ஒன்றும் நிலையாக வராது. சுழியைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கும். செல் செத்துவிட்டது என்று என் வகுப்புப் பிள்ளைகள் உடனே கத்துவார்கள். செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இங்கே எத்தனை வோல்ட்' என்று தனியாக ஓர் இடத்தைக் கேட்டால் பதில் கிடையாது. 'அங்கேயிருந்து பார்த்தால் இங்கே எத்தனை' என்றுதான் கேட்க வேண்டும்.

இப்போது கறுப்பு முனையைக் கீழ்ச் செல்லின் அடியில் வை. மேல் மொட்டில் சிவப்பை வைத்தால் 3.2-ஐ ஒட்டி வரும். கறுப்பை நடுத் தாளுக்கு மாற்று. மேல் மொட்டு இப்போது 1.6 காட்டும். சிவப்பை எடுத்து அடியில் வைத்தால் மைனஸ் 1.6. செல்லுக்குள் எதுவும் மாறவில்லை, நீ எங்கே சுழி என்று வைத்தாயோ அதற்கேற்ப எண்கள் மாறின. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் எப்போது எடுத்தாலும் அதே 3.2.

உன் அண்ணன் வேலைக்கு பூமியைச் சுழியாக வைப்பது வசதி, உயிருக்கும் பாதுகாப்பு. தனி மின்னூட்டத்தின் கணக்குக்கு முடிவிலியைச் சுழியாக வைத்தால் சூத்திரம் சுருக்கமாக வரும். ஒரே கணக்கின் நடுவில் இடம் மாற்றாமல் இருந்தால் சரி.

கேள்வி: ஜிடிபி நகர் ஸ்டேஷனில் ரயில் கம்பி மேலே காக்கா சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே '25,000 வோல்ட், அபாயம்' என்று போர்டு. காக்காவுக்கு ஒன்றும் ஆகாதபோது, ரயில் கூரையில் ஏறுகிற பையன்கள் மட்டும் ஏன் செத்துப்போகிறார்கள்? முன்பு இந்தக் கம்பியில் இவ்வளவு வோல்டேஜ் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், உண்மையா?
வாசகி, சயான் கோலிவாடா

பதில்: உண்மைதான் அம்மா. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை உங்கள் ஹார்பர் தடத்தில்தான் ஓடியது. அன்றைக்குக் கம்பியில் 1500 வோல்ட் டிசி. மும்பை லோக்கல் பல பத்தாண்டுகள் அதிலேயே ஓடியது. பிறகு தடம் தடமாக 25,000 வோல்ட் ஏசிக்கு மாற்றினார்கள். ஹார்பர் தடம் கடைசியாக, 2016-ல் மாறியது.

ஏன் மாற்றினார்கள் என்பதிலேயே வோல்டேஜின் அர்த்தம் இருக்கிறது. ஒரு ரயில் கிளம்ப 30 லட்சம் வாட், அதாவது நொடிக்கு 30 லட்சம் ஜூல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1500 வோல்ட் என்றால் ஒவ்வொரு கூலூமும் 1500 ஜூல்தான் கொண்டுவரும். அதனால் நொடிக்கு 2000 கூலூம், அதாவது 2000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்டில் அதே வேலைக்கு 120 ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாவது ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப என்பதால், அதே கம்பியில் நஷ்டம் 270 மடங்குக்கும் மேல் குறைகிறது. துணைமின் நிலையங்களையும் தள்ளித் தள்ளி வைக்கலாம்.

சரி, காக்கா. அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அந்தத் தாமிரக் கம்பியின் குறுக்குப் பரப்பு 107 சதுர மில்லிமீட்டர், நல்ல கனம். அதில் 300 ஆம்பியர் ஓடினாலும், ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் வருகிற வோல்ட் வித்தியாசம் ஒரு வோல்டில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். காக்காவின் உடம்பு முழுக்க 25,000 வோல்டில் இருக்கிறது, ஆனால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. வித்தியாசம் இருந்தால்தான் மின்னூட்டம் உடம்பு வழியாக ஓடும், ஓடினால்தான் அந்த ஜூல்கள் உடம்பில் இறங்கும். இதே காக்கா இரும்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவந்து கூடு கட்டும்போது, அந்தத் துண்டு கம்பியையும் தூணையும் சேர்த்துவிட்டால் கதை வேறு. கூடும் எரியும், லைனும் டிரிப் ஆகும்.

கூரை மேல் நிற்கும் பையன் காக்கா மாதிரி இல்லை. ரயில் பெட்டி, சக்கரம், தண்டவாளம், பூமி எல்லாம் ஒரே தொடர்ச்சி. அவன் கால் பூமியின் வோல்டில் இருக்கிறது, தலைக்கு மேலே 25,000. அவன் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. நெருங்கினாலே காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். ரயில்வே இந்தக் கம்பிக்கு இரண்டு மீட்டர் தள்ளியிரு என்று சொல்வது அதனால்தான். தயவுசெய்து உங்கள் பேட்டைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ரயில் நிற்கும்போதும், இஞ்சின் சத்தமே இல்லாதபோதும் கம்பியில் அந்த 25,000 இருக்கும். மின்னோட்டம் ஓடுகிறதா இல்லையா என்பது வேறு, வோல்ட் இருக்கிறதா என்பது வேறு. நடைமேம்பாலத்தின் வலைக்கு வெளியே குடைக் கம்பியையோ செல்ஃபி குச்சியையோ நீட்டுவதும் இதில் சேர்த்தி.

கேள்வி: கொசு பேட்டில் 2000 வோல்ட் வரும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டு ஸ்விட்ச்சில் 230-தான். பேட் பட்டால் சுரீர் என்கிறது, அவ்வளவே. ஸ்விட்ச்சில் கை பட்டால் ஆளே போய்விடலாம். கணக்கு தலைகீழாக இருக்கிறதே?
வாசகர், ஆன்டாப் ஹில்

பதில்: 2000 என்பது கூலூமுக்கு எத்தனை ஜூல் என்று மட்டும் சொல்கிறது. பேட்டில் எத்தனை கூலூம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன மின்தேக்கி. அது 0.02 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 2000 வோல்டில் அது பிடித்துவைப்பது 40 மைக்ரோகூலூம். ஒரு கூலூமில் 25,000-ல் ஒரு பங்கு. ஆற்றல் 0.04 ஜூல். கொசுவுக்கு அது தாராளம், நமக்குச் சுரீர். கொடுத்ததும் காலியாகிவிடும், செல் மறுபடி நிரப்ப வேண்டும்.

40 மைக்ரோகூலூமை 2000-ஆல் பெருக்கினால் 0.08 வருகிறதே, நான் பாதி எழுதிவிட்டேன் என்று மாணவர்கள் எண்ணலாம். பாதிதான் சரி. முதல் துளி மின்னூட்டம் ஏறும்போது தேக்கியில் சுழி வோல்ட், கடைசித் துளி ஏறும்போதுதான் 2000. சராசரி 1000.

ஸ்விட்ச்சுக்குப் பின்னால் இருப்பது தீராத இருப்பு. இணைப்பு துண்டிக்கப்படுகிற வரை 230 ஜூல் வீதம் ஒவ்வொரு கூலூமும் வந்துகொண்டே இருக்கும். அதற்காகப் பேட்டைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கமும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, எட்டு பென்சில் செல்லை வரிசையாகப் போட்டால் 12 வோல்ட் வருகிறது. கார் பேட்டரியும் 12 வோல்ட். ஆனால் எட்டு செல், இஞ்சினைக் கிளப்பும் ஒரு செல்ஃப் மோட்டாரைக்கூட அசைப்பதில்லை. பவர் பத்தவில்லை என்கிறார் எங்கள் மேஸ்திரி. அப்படியென்றால் வோல்டேஜ் பொய்யா?
கார் மெக்கானிக், டோம்பிவிலி

பதில்: பொய் இல்லை தம்பி. இரண்டிலும் ஒரு கூலூமுக்கு 12 ஜூல்தான். உங்கள் மேஸ்திரி சொல்வதும் சரி. செல்ஃப் போடும்போது கார் நொடிக்கு 150 கூலூம் போலக் கேட்கிறது. கார் பேட்டரியின் உள்தடை, அதாவது ஓட்டத்துக்கு அது தனக்குள்ளேயே காட்டும் தடை, ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அதனால் கேட்டதைக் கொடுக்க முடிகிறது. ஒரு பென்சில் செல்லின் உள்தடை சுமார் கால் ஓம் என்றால், எட்டுக்கும் 2 ஓம். வெளியில் தடையே இல்லாமல் போனாலும் 6 ஆம்பியருக்கு மேல் வராது. மோட்டாரை மாட்டியதும் அந்த 12 வோல்டும் செல்லுக்குள்ளேயே விழுந்துவிடும். மோட்டார் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சுழிதான் காட்டும்.

ஒன்று கவனியுங்கள். இரண்டு நொடி செல்ஃப் போடச் செலவாவது சுமார் 3000 ஜூல். ஒரு நல்ல பென்சில் செல்லில் மட்டுமே அதைவிட மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறது. அதை இரண்டு நொடிக்குள் எடுக்க முடியாது, அவ்வளவுதான் சிக்கல். பேட்டரி வீக் என்று வண்டி வந்தால், சும்மா இருக்கும்போது 12.5 காட்டுகிறதே என்று விட்டுவிடாமல், செல்ஃப் போடும்போது எத்தனைக்கு விழுகிறது என்று பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் சாலில் சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது கீசர் போட்டால் பில் குறையுமா?
வாசகி, தாராவி

பதில்: குறையாது. பில்லில் நீங்கள் காசு கொடுப்பது ஜூலுக்கு. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 230 வோல்டில் 2000 வாட் எடுக்கும் கீசர், 200 வோல்டில் 1500 வாட்தான் எடுக்கும். ஆனால் 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க எப்போதும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். முன்பு 16 நிமிஷத்தில் சுட்டது, இப்போது 21 நிமிஷம் எடுக்கும். காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் சூடு வெளியே போவதால், பில் துளி கூடவே செய்யலாம். பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். குறைந்த வோல்டேஜில் அதன் மோட்டார் திணறி, கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். 200-க்குக் கீழே அடிக்கடி போகிறது என்றால் அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள், கீசருக்குத் தேவையில்லை.